ஈயம் உருக்கிய மண்ணில் ஒரு கன்னிக்கால்

நாங்கள் குடியிருக்கும் கொண்டோ அடுக்குமாடி, பழைய ஈய ஆலை ஒன்று இருந்த நிலத்தில் நிற்கிறது. பினாங்கில் என் வயதுக்காரர்களிடம் அந்த ஆலையைப் பற்றி விளக்க வேண்டியதில்லை. ஜெலுத்தோங் பஸ் அந்த மதிலைக் கடக்கும்போது ஜன்னலோரத்தில் இருப்பவர் யாரும் சொல்லாமலே கண்ணாடியை இழுத்து மூடுவார். மூக்கைப் பொத்தாமல் உட்கார்ந்திருப்பவர் வெளியூர்க்காரர் என்று தெரிந்துகொள்ளலாம். ஆலை மூடிய பிறகு பல வருடம் தகர வேலிக்குள் புதர் மண்டிக் கிடந்தது. அப்புறம் வெள்ளை உடுப்பும் முகமூடியும் போட்ட ஆட்கள் வந்து, மண்ணைத் தோண்டி லாரி லாரியாக ஏற்றிக்கொண்டு போனார்கள். புது மண் வந்தது. அதன் மேல் புல் வந்தது. புல்லின் மேல் ஒரு விளம்பரப் பலகை வந்தது. அதில் ஒரு மலாய்க் குடும்பமும் சீனக் குடும்பமும் இந்தியக் குடும்பமும் ஒரே பலூனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். "இங்கேயே வாழுங்கள், இங்கேயே வேலை செய்யுங்கள், இங்கேயே விளையாடுங்கள்" என்று எழுதியிருந்தது. என் வீட்டுக்காரர் அதை நின்று படித்துவிட்டு, "விளையாடுற வயசு போயிட்டுது. மற்ற ரெண்டையும் யோசிக்கலாம்" என்றார். அவர் அந்த மாதம்தான் ஓய்வு பெற்றிருந்தார். ஆக மிச்சம் ஒன்றுதான்.

அந்த ஒன்றுக்காகச் சேமிப்பையெல்லாம் திரட்டிப் பதினாலாம் மாடியில் ஒரு வீடு வாங்கினோம். மேலே வீடுகள், நடுவில் ஆபீஸ்கள், கீழே கடைகள், ஒரு கிளினிக், ஒரு ரெஸ்டோரன், எல்லாவற்றுக்கும் நடுவில் பூங்கா. பழைய புகைபோக்கி ஒன்றை மட்டும் இடிக்காமல் விட்டு, சாயம் அடித்து, ஊதா நிற விளக்குப் போட்டிருக்கிறார்கள். ஒரு காலத்தில் ஊரையே இருமவைத்த புகைபோக்கிக்கு முன்னால் இப்போது பிள்ளைகள் வரிசையில் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள்.

ஆனாலும் சொந்தக்காரர்களுக்கு நம்பிக்கை வரவில்லை. என் அக்கா கோலாலம்பூரிலிருந்து வரும்போது குடிதண்ணீரைப் போத்தல் போத்தலாகக் காரில் ஏற்றிக்கொண்டு வருவாள். பினாங்கு முழுக்க வருகிற அதே தண்ணீர்தான் எங்கள் குழாயிலும் வருகிறது என்று சொல்லிப் பார்த்தேன். "தண்ணி அதேதான் பிள்ளை. பைப் எந்த மண்ணுக்குள்ளால வருது?" என்று கேட்டாள். அவளை வாயால் வென்றவர் இந்தக் குடும்பத்தில் இல்லை. அத்தான் சில வருடம் முயன்றுவிட்டு மௌனியாகிவிட்டார்.

எனக்கு மண்ணைப் பற்றிப் பயமில்லை. பயமெல்லாம் என் வீட்டுக்காரரைப் பற்றித்தான்.

அவர் அரசாங்கத்தில் கிளார்க்காகச் சேர்ந்து, ஊர் ஊராக மாறி, கடைசியாகக் கெப்பாலா பத்தாஸ் அலுவலகத்தில் ஓய்வு பெற்றவர். சிலோன்காரர் வீட்டில் பிள்ளை பிறந்தால் அழுவதற்கு முன் அதற்கு அனுமதி உண்டா என்று கேட்கும் என எங்களைக் கேலி செய்வார்கள். மற்றவர்கள் விஷயத்தில் அது மிகை. இவர் விஷயத்தில் குறைத்துச் சொன்னது. வீடு வாங்கியபோது சாவியோடு ஒரு தடித்த விதிப் புத்தகமும் கொடுத்தார்கள். மற்றவர்கள் அதைக் காற்றில் கதவு அடிக்காமலிருக்க முட்டுக்கொடுத்தார்கள். இவர் அட்டையிலிருந்து அட்டைவரை படித்தார். படித்து மூடிவிட்டு, "அருமையா எழுதியிருக்கிறாங்கள்" என்றார். என் சமையலுக்கு அந்தச் சொல் ஒரு நாளும் கிடைத்ததில்லை.

அந்தப் புத்தகத்தில் இரண்டு விதிகள் அவருக்கு உயிர். ஒன்று மண்ணைப் பற்றியது. பூங்காவில் புல்லுக்குக் கீழே இருப்பது சுத்தமான புது மண். அதற்குக் கீழே ஆரஞ்சு நிறத்தில் ஒரு விரிப்பு. அதற்கும் கீழேதான், அள்ளி மாளாமல் அமுக்கி மூடிய பழைய மண். ஆகவே யார் எதற்காகத் தோண்டினாலும், ஆரஞ்சு நிறம் கண்ணில் பட்டால் அந்தக் கணமே நிறுத்திவிட வேண்டும். குழியிலிருந்து எதையும் வெளியே எடுக்கவும் கூடாது, உள்ளே போடவும் கூடாது. சுற்றி நாடா கட்டிவிட்டு, இந்த மண்ணை மாற்றிப்போட்ட மண் கம்பெனியின் இஞ்சினியர் வரும்வரை காத்திருக்க வேண்டும். இரண்டாவது விதி, இந்த நிலத்தில் எந்த உலோகத்தையும், எந்த அளவிலும், எக்காலத்திலும் உருக்கக் கூடாது.

"இந்தக் காலத்தில ஆர் வீட்டில ஈயம் உருக்கப்போறாங்கள்?" என்று சிரித்தேன்.

"விதி எண்டா நடக்கிறதுக்கு மட்டுமில்லை, நடக்கக் கூடாததுக்கும் இருக்க வேணும்" என்றார்.

குடியிருப்போர் கமிட்டிக்குத் தலைவர் தேர்ந்தெடுக்கும் கூட்டத்தில், விதிப் புத்தகத்தைப் படித்தவர்கள் கையைத் தூக்குங்கள் என்று யாரோ விளையாட்டாகச் சொன்னார்கள். ஒரே ஒரு கை எழுந்தது. அப்படித்தான் தலைவரானார். அதன் பிறகு சட்டைப் பையில் பேனாவோடு ஒரு ஸ்கேலும் குடியேறியது. பக்கத்து பிளாக்கில் ஒரு சீன அம்மா பூங்கா ஓரத்தில் பப்பாளிக் கன்று நட்டுவிட்டார். இவர் ஸ்கேலோடு போய்க் குழியை அளந்து, பப்பாளியைத் தொட்டிக்கு மாற்றவைத்துவிட்டுத்தான் மேலே வந்தார்.

பெரிய வழக்கு கீழே ரெஸ்டோரன் வைத்திருக்கும் பாயோடு. பாய்தான் கமிட்டியின் துணைத்தலைவர். எதைப் பேசினாலும் ஊர் வழக்கப்படி நடுவில் ஒரு 'லா' போடுவார். தன் மகளின் நிக்காஹ் விருந்துக்குக் கடையின் பின்புறத்தில் விறகடுப்பு மூட்டி, சட்டி வைத்துப் பிரியாணி போட அனுமதி கேட்டார். என் வீட்டுக்காரர் எதிரில் உட்கார்ந்து, நெருப்பு எவ்வளவு உயரம், புகை எந்தப் பக்கம் போகும், சாம்பலை யார் அள்ளுவது என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக் கடைசியில் முடியாது என்றார். பாய் ஜெலுத்தோங்கில் ஒரு மோட்டார்சைக்கிள் பட்டறைக்குப் பின்னால் சமைத்து லாரியில் கொண்டுவந்தார். வருகிற வழியில் தம் போய்விட்டது என்று இன்றைக்கும் சொல்வார். அப்படியும் எங்களுக்கு ஒரு பாத்திரம் நிறைய அனுப்பிவைத்தார். இவர் இரண்டு தட்டுச் சாப்பிட்டுவிட்டு, "பார்த்தியா, இஞ்ச ஒரு பொட்டுப் புகை இல்லை" என்றார். எனக்கு அந்தப் பிரியாணியைத் தொடவே வெட்கமாக இருந்தது.

இப்படி இருக்கையில் எங்கள் ஒரே மகனுக்குக் கலியாணம் நிச்சயமாயிற்று.

எங்கள் யாழ்ப்பாணத்து வழக்கப்படி, மாப்பிள்ளை வீட்டில் நல்ல நாள் பார்த்து ஆசாரியார் வருவார். தாலிக்காக ஒரு பொற்காசை எல்லார் முன்னாலும் உருக்குவார். அது பொன்னுருக்கு. உருக்கிய கையோடு வீட்டைச் சுற்றியுள்ள வளவின் வடகிழக்கு மூலையில் ஒரு முள்முருக்குக் கம்பை நட்டு, நவதானியம் தூவிப் பாலும் தண்ணீரும் ஊற்றுவோம். அது கன்னிக்கால். கலியாணம் முடிந்து பெண்ணும் மாப்பிள்ளையும் வீட்டுக்கு வரும்வரை அது நட்ட இடத்தில் நிற்க வேண்டும். துளிர்த்துவிட்டால் அந்தக் குடும்பம் தழைக்கும் என்பார்கள்.

என் கலியாணத்தில் அது மண்ணெண்ணெய்த் தகரத்தில் நின்றது. இவருடைய குடும்பம் அப்போது ஒரு கடைக்கு மேல் வாடகைக்கு இருந்தது. வளவுக்கு எங்கே போவது? தகரத்தில் மணலைக் கொட்டி, கம்பை ஊன்றி, படிக்கட்டில் வைத்திருந்தார்கள். நான் மணப்பெண்ணாக வந்து இறங்கியபோது கீழ்க்கடைக்காரர் தகரத்தை வழியை விட்டு ஓரமாக நகர்த்தியிருந்தார். கம்பில் யாரோ துண்டு காயப்போட்டிருந்தார்கள். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் நெஞ்சில் சுருக்கென்றது, அது போகவே இல்லை. அதன் பிறகு முப்பது வருடத்துக்கு மேல் அரசாங்கக் குவாட்டர்ஸும் வாடகை வீடும்தான். ஆணி அடிக்காதே, செடி வைக்காதே, சுவரில் எண்ணெய் படாமல் தாளி. இது எங்கள் இடம் என்று ஒரு குச்சியை நான் எங்கும் ஊன்றியதில்லை.

ஆகவே மகனின் கலியாணத்தில் எனக்கு ஒரே ஒரு ஆசைதான் இருந்தது. மண்டபம் எதுவானாலும் சரி, சாப்பாடு எப்படியானாலும் சரி, சேலையில்கூட ஓரளவு விட்டுக்கொடுப்பேன். கன்னிக்கால் சொந்த மண்ணில் நிற்க வேண்டும். என் மருமகள் வந்து இறங்கும்போது அது நட்ட இடத்திலேயே நிற்க வேண்டும். பதினாலாம் மாடிக்காரிக்கு ஏது மண் என்று கேட்கலாம். பூங்காவில் எங்களுக்கும் பங்கு உண்டு என்று பத்திரத்தில் எழுதியிருக்கிறது. எத்தனையில் ஒரு பங்கு என்று கேட்காதீர்கள். ஒரு கம்பு ஊன்றப் போதும்.

"இஞ்சாருங்கோ, பொன்னுருக்கு இஞ்சதான் செய்ய வேணும்" என்றேன்.

பேப்பரை மடித்து வைத்தார். "உலோகம் உருக்கக் கூடாது."

"இது தங்கம்."

"தங்கமும் உலோகம்தானப்பா. நகைக்கடையில செய்வம். இப்ப எல்லாரும் அப்பிடித்தான் செய்யினம்."

"கன்னிக்கால்?"

"ஒரு நல்ல தொட்டி வாங்கலாம்."

"தகரத்தில நட்டுக் கட்டின கலியாணத்தைத்தான் இவ்வளவு காலமும் பார்த்துக்கொண்டிருக்கிறன்" என்றேன்.

மறுநாள் காலையில் கணினி முன் உட்கார்ந்து ஒரு விண்ணப்பம் அடித்தார். யாருக்கு? கமிட்டித் தலைவருக்கு. தன் விண்ணப்பத்தைத் தானே பரிசீலிக்கக் கூடாது என்பது அடித்து முடித்த பிறகுதான் உறைத்தது. அந்தக் கூட்டத்துக்கு மட்டும் துணைத்தலைவர் நாற்காலியில் உட்கார்வது என்று முடிவாயிற்று. துணைத்தலைவர் பாய்.

கூட்டத்துக்கு நானும் போனேன். பாய் தொப்பியைச் சரிசெய்துகொண்டு, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, காகிதத்தை நிதானமாகப் படித்தார். அவர் முகத்தில் அப்படி ஒரு சாந்தத்தை நான் பார்த்ததே இல்லை.

"அண்ணே, நெருப்பு எவ்வளவு ஒசரம் இருக்கும்?"

"ஒரு விரல் அளவுதான், பாய். ஆசாரியாரின்ட சின்ன கேஸ் விளக்கு."

"புகை எந்தப் பக்கம் போகும்?"

"புகை வராது."

"சாம்பல யாரு அள்ளுவா?"

"சாம்பலும் இல்லை, பாய்."

"புகையும் இல்ல, சாம்பலும் இல்ல. அப்ப என்ன நெருப்பு லா இது?" என்றார் பாய். கமிட்டி முழுக்கச் சிரித்தது. என் வீட்டுக்காரர் ஸ்கேலைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எனக்குப் பாவமாகவும் இருந்தது, பிரியாணி ஞாபகம் வந்ததால் கொஞ்சம் திருப்தியாகவும் இருந்தது.

அப்புறம் பாய் கண்ணாடியைக் கழற்றினார். "கல்யாணக் காரியம். நாம தடுத்தா பாவம். நிலத்துல உருக்கக் கூடாதுன்னுதானே போட்டிருக்கு? மேசை மேல வச்சு உருக்கட்டும். மேசை நிலமில்ல. அந்தக் குச்சியும் சரி. எத்தன நாள் வேணும்னாலும் நிக்கட்டும் லா. யாருக்கு என்ன நட்டம்?"

எழுந்து போய் அவர் கையைப் பிடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. அதற்குள் என் வீட்டுக்காரர் எழுந்துவிட்டார்.

"அது சரியில்லை, பாய். தலைவர் தன்ட பிள்ளைக்குச் சலுகை எடுத்தார் எண்டு நாளைக்கு ஒரு பேச்சு வரக் கூடாது. நட்ட அண்டைக்கே, பொழுது படமுன்னம் கம்பைப் புடுங்கி, குழியை மூடி, புல்லைத் திருப்பிப் போட வேணும். அதை நிபந்தனையா எழுதுங்கோ."

கேட்காத நிபந்தனை! கொடுக்கிற கையைத் தட்டிவிட்ட மனுஷரை நான் பார்த்தேன். பாய் என்னைப் பார்த்தார். "அக்கா, நீங்க எப்படி லா சமாளிக்கிறீங்க?" என்று மெல்லக் கேட்டார். அன்றிலிருந்து வீட்டில் மூன்று வேளையும் சாப்பாடு போட்டேன், பேச்சுப் போடவில்லை.

பொன்னுருக்குக்காக அக்கா தண்ணீரோடு வந்து சேர்ந்தாள். நிபந்தனையைக் கேட்டுவிட்டு, "ஒரு பொழுது நிக்கிறதுக்குப் பேர் கன்னிக்கால் இல்லை, கொடிக்கம்பம்" என்றாள். ஆனாலும் முள்முருக்குக் கம்புக்காக என்னோடு பத்து காவான் என்ற ஊர்வரை வந்தாள். அங்கே பழைய தோட்டத்து நிலமெல்லாம் தொழிற்பேட்டையாகவும் புது டவுனாகவும் மாறிக்கொண்டிருக்கிறது. ஒரு சந்துப் பக்கம் மட்டும் தோட்டத்துக் காலத்து வேலி முள்முருக்கு மிச்சமிருந்தது. "தோட்டத்தை ஆலையாக்குற இடத்தில வெட்டி, ஆலையைத் தோட்டமாக்கின இடத்தில நடப்போறம்" என்றான் கார் ஓட்டிய மகன். "நீ ரோட்டைப் பார்த்து ஓட்டு" என்றாள் அக்கா. வீடு வந்து சேர்வதற்குள் முள் அவனுடைய சீட்டைக் கிழித்திருந்தது.

நல்ல நாள் காலையில் பூங்காவின் கூடாரத்துக்குக் கீழே மேசை போட்டோம். நிறைகுடம், குத்துவிளக்கு, வெற்றிலை பாக்கு எல்லாம் வைத்து, ஆசாரியார் விளக்கைப் பற்றவைத்தார். அவருடைய தோளுக்குப் பின்னால் காவலாளி ஒருவர் தீயணைக்கும் சிலிண்டரைத் துப்பாக்கி போல நீட்டிப் பிடித்துக்கொண்டு நின்றார். அது என் வீட்டுக்காரரின் ஏற்பாடு. பொன்னுருக்குப் படங்கள் எல்லாவற்றிலும் மகனுக்கு அடுத்தபடி தெளிவாக விழுந்திருப்பவர் அந்தக் காவலாளிதான். காசு சிவந்து, இளகி, ஒரு முத்தாக உருண்டது. பப்பாளி வைத்த சீன அம்மா கை தட்டினார். பார்த்து மற்றவர்களும் தட்டினார்கள். இந்த நிலத்தில் எவ்வளவோ காலம் எவ்வளவோ ஈயம் உருகியிருக்கும். அதற்கெல்லாம் யாரும் வெற்றிலை பாக்கு வைத்திருக்க மாட்டார்கள்.

அடுத்தது கன்னிக்கால். வடகிழக்கு மூலையில் என் வீட்டுக்காரரே மண்வெட்டி பிடித்தார். இரண்டு கொத்துக்கு ஒரு தரம் ஸ்கேலை விட்டு அளந்தார். அனுமதித்த ஆழத்தில் நிறுத்தினார். நான் காசும் நவதானியமும் முடிந்த மஞ்சள் துணியைக் குழியில் வைத்தேன். ஐயர் மந்திரம் சொல்ல, மகன் கம்பை ஊன்ற, சுமங்கலிகள் ஒவ்வொருவராகப் பாலும் தண்ணீரும் ஊற்றினோம். மற்றவர்கள் செம்பால் ஊற்றினார்கள். அக்கா குடத்தோடு கவிழ்த்தாள். மண் கரைந்து ஒரு பக்கம் சரிந்தது. சரிந்த இடத்தில் பளிச்சென்று ஒரு ஆரஞ்சு நிறம் தெரிந்தது.

"நிறுத்துங்கோ!" என்று என் வீட்டுக்காரர் கத்தினார். "ஆரஞ்சு! ஒருத்தரும் தொடாதேங்கோ!"

ஐயர் மந்திரத்தைப் பாதியில் விழுங்கினார். மேனேஜ்மென்ட் ஆபீஸில் வேலை செய்யும் மலாய்ப் பெண் நாடாச் சுருளோடு ஓடிவந்தாள். இப்படி ஒரு நாள் வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று அவளுக்குப் படம் போட்டுப் பாடம் நடத்தியவர் இவர்தான். நல்ல மாணவி. நாங்கள் மூச்சு விடுவதற்குள் கம்பைச் சுற்றி மஞ்சள் நாடா கட்டி, எங்களையெல்லாம் பின்னால் தள்ளிவிட்டாள்.

"அண்ணே, அளந்துதானே தோண்டுனீங்க?" என்றார் பாய்.

"மண் அமுங்கியிருக்க வேணும். இந்த மூலையில விரிப்பு மேல வந்திட்டுது" என்றார் இவர். முகம் வெளுத்துவிட்டது.

அது விரிப்பு இல்லை. என் துணி. காலையில் ஆரத்தி கரைத்த கையைக் கழுவாமல் அந்த மஞ்சள் துணியை முடிந்தேன். மஞ்சளோடு சுண்ணாம்பு சேர்ந்தால் என்ன நிறம் வரும் என்று சமையலறைப் பக்கம் போன எவருக்கும் தெரியும். இவர் போனதில்லை.

சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். அப்போதுதான் அந்த விதி முழுதாக நினைவுக்கு வந்தது. குழியிலிருந்து எதையும் வெளியே எடுக்கக் கூடாது. எதையும் என்றால் கம்பையும்தான். இஞ்சினியர் வரும்வரை அதை யாரும் பிடுங்க முடியாது. தலைவராலும் முடியாது. திறந்த வாயை மூடிக்கொண்டேன். பக்கத்தில் நின்ற அக்கா என் கையைக் கிள்ளினாள். அவளும் துணியைப் பார்த்திருக்கிறாள். இந்த வீட்டில் ஒரு வாய் தண்ணீர் குடிக்காதவள், முகத்தைத் துக்க வீட்டுக்காரி மாதிரி வைத்துக்கொண்டு, "ஐயோ, விதி எண்டா விதிதானே" என்றாள்.

பொழுது சாய்கிற நேரத்தில் இவர் மண்வெட்டியோடு போய் நாடாவுக்கு வெளியே நின்றார். திரும்பி வந்து, "புடுங்கேலாது" என்றார். "என்ன செய்யிறது" என்றேன். அன்றைக்குப் பேச்சுப் போட ஆரம்பித்தேன்.

இஞ்சினியர் வேறு மாநிலத்தில் வேலையாக இருக்கிறார், வருவதற்குச் சில வாரங்களாகும் என்று மண் கம்பெனியிலிருந்து பதில் வந்தது. அதற்குள் கோயிலில் கலியாணம் நடந்தது. மருமகள் கெப்பாலா பத்தாஸ் பிள்ளை. அவர்கள் சிலோன்காரர் இல்லை, எங்கள் சடங்குகள் அவளுக்குப் புதிது. காரை விட்டு இறங்கியவளைப் பூங்காவுக்குக் கூட்டிப்போனேன். கம்பு நட்ட இடத்தில் நட்டபடி நின்றது. நுனியில் இரண்டு பச்சைத் துளிர்.

"அத்தை, ரிப்பன் கட்டுறதும் உங்க வழக்கமா?" என்று நாடாவைக் காட்டிக் கேட்டாள்.

"ஓம், வழக்கம்தான்" என்றேன். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவள் அதற்குத் தக்க மரியாதையோடு நாடாவைத் தொட்டுக் கும்பிட்டாள்.

நான் நினைத்தது நடந்துவிட்டது. ஆனால் சந்தோஷம் நிலைக்கவில்லை, என் வீட்டுக்காரர் வாடிப்போனார். பூங்காப் பக்கம் போவதை விட்டார். வெளியே போய்வந்தால் செருப்பைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினார். பிள்ளைகள் புல்லில் விளையாடுவதைப் பால்கனியிலிருந்து பார்த்துப் பெருமூச்சு விட்டார். ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, "தலைவர் பதவியை விடப்போறன். இவ்வளவு சனத்தின்ட மண்ணை, என்ட பிள்ளையின்ட கலியாணத்துக்காகத் திறந்துவிட்டிட்டன்" என்றார். குரல் உடைந்தது. இந்த மனுஷர் விதியைக் காப்பாற்றுவது அதிகாரத்துக்காக இல்லை, கீழே விளையாடுகிற பிள்ளைகளுக்காக என்பது எனக்குத் தெரியாததல்ல. கோபத்தில் மறந்திருந்தேன். விடிந்ததும் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன்.

விடிந்ததும் இஞ்சினியர் வந்துவிட்டார். முழங்கால்வரை சப்பாத்துப் போட்ட சீனப் பையன். என் வீட்டுக்காரர் கையில் ராஜினாமாக் கடிதத்தோடு நின்றார். பாய், ஆபீஸ் பெண், பப்பாளி அம்மா எல்லாரும் நாடாவைச் சுற்றிக் கூடிவிட்டார்கள். இனி நான் எங்கே சொல்வது?

இஞ்சினியர் குனிந்து மண்ணைச் சுரண்டினார். ஆரஞ்சு நுனியைக் கிடுக்கியால் பிடித்து இழுத்தார். விரிப்பு வரவில்லை. நனைந்து நைந்த ஒரு துணிமுடிச்சு வந்தது. அதிலிருந்து ஒரு செப்புக்காசு விழுந்தது. முளைவிட்ட பயறு நாலைந்து சிதறியது. அவர் அதை முகர்ந்து பார்த்தார். "கறி மசாலா வாசம் அடிக்கிறது, அங்கிள்" என்று ஆங்கிலத்தில் சொன்னார். பிறகு ஒரு கம்பியை இறக்கிப் பார்த்து, உண்மையான விரிப்பு இன்னும் நன்றாகக் கீழே இருக்கிறது, யாரும் அதைத் தொடவில்லை என்றார்.

பாய் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பப்பாளி அம்மாவுக்கு விளங்க வைப்பதற்குள் அவருக்கு இருமலே வந்துவிட்டது. என் வீட்டுக்காரர் துணியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் புகைபோக்கியைப் பார்த்தேன்.

கம்பில் இலைகள் நன்றாக விட்டிருந்தன. இஞ்சினியர் அதை ஆட்டிப் பார்த்து, வேர் பிடித்துவிட்டது, இந்த வேர் வளர்ந்தால் விரிப்பைத் துளைக்கும், ஆகவே இங்கே வைத்திருக்க முடியாது என்றார். மருமகள் வந்து பார்த்துவிட்டாள், அது போதும் என்று மனதைத் தேற்றிக்கொள்ளப் பார்த்தேன். தேறவில்லை. துளிர்த்ததைப் பிடுங்கி எறிய எந்தத் தாய்க்குத்தான் மனம் வரும்?

"மரக்குழியில நடலாம்" என்றார் என் வீட்டுக்காரர்.

எல்லாரும் திரும்பிப் பார்த்தோம். நடைபாதை ஓரத்தில் நிழல் மரங்களுக்கென்று ஆழமாகப் புது மண் நிரப்பி, நான்கு பக்கமும் கான்கிரீட் தடுப்பு வைத்த குழிகள் உண்டு, அங்கே எவ்வளவு ஆழமும் தோண்டலாம், குடியிருப்பவர் மரம் நட விரும்பினால் தடையில்லை என்று புத்தகத்தைப் பார்க்காமலே ஒப்பித்தார். அந்தக் குழிகளில் ஒன்றில் இருந்த வெளிநாட்டு மரம் பட்டுப்போய், குழி காலியாகக் கிடந்தது. இஞ்சினியர் தலையாட்டினார். "மறுபடி கமிட்டிக் கூட்டம் வேணுமா லா?" என்று பாய் கேட்டார். "வேண்டாம். விதியில இருக்கு" என்றார் இவர். ராஜினாமாக் கடிதத்தை நாலாக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார்.

கூட்டம் கலைந்த பிறகு நாங்கள் இருவரும் மட்டும் அந்தக் குழிக்குப் போனோம். அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தோண்டினார். இந்த முறை ஸ்கேல் வெளியே வரவில்லை. நான் வேரோடு எடுத்த கம்பை ஈரச் சாக்கில் சுற்றிப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"கோபமா?" என்றேன்.

அவர் நிமிரவில்லை. "அண்டைக்கே தெரியுமா உனக்கு?"

"தெரியும்."

"ஏன் சொல்லயில்லை?"

"சொல்லியிருந்தா என்ன செய்திருப்பீங்கள்?"

மண்வெட்டி நின்றது. பொய் சொல்லத் தெரியாத மனுஷர்.

"பொழுது படமுன்னம் நானே புடுங்கியிருப்பன்" என்றார். நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "சொல்லாம விட்டது நல்லது."

பிறகு கம்பை நேராகப் பிடிக்கச் சொன்னார். நான் பிடித்துக்கொண்டேன். அவர் கையாலேயே மண்ணைத் தள்ளிக் குழியை மூடினார்.